இருநூற்றைம்பது ரூபாய் டிராஃப்டர்



மார்கழிக் குளிர் இன்னும் விலகாத ஒரு நாள், கோவைப் பக்கம் ஒரு கல்லூரிப் பெண்கள் ஹாஸ்டல் வாசலில் இரண்டு மணி நேரம் நின்றேன். தங்கை மகளுக்கு அன்று காலைப் பரீட்சையோடு மூன்றாம் செமஸ்டர் முடிந்திருந்தது. ஊருக்கு அழைத்துப்போக வந்த மாமனுக்குக் கேட்டைத் தாண்டி உள்ளே போக அனுமதி கிடையாது. “பத்தே நிமிஷம் மாமா” என்று மூன்று முறை போன் வந்தது. நான் வாட்ச்மேன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன்.

வேடிக்கைக்குக் குறைவில்லை. வாசலில் ஒரு சந்தையே கூடியிருந்தது. லேப் கோட் ஒன்று கைமாறியது. சார்ட் சுருட்டி வைக்கும் நீளமான கன்டெய்னர் ஒன்று தோள் மாறியது. கால்குலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் எல்லா பட்டனையும் ஒன்றுவிடாமல் அமுக்கிப் பார்த்தாள். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்குகிற அம்மா பழக்கியிருக்க வேண்டும். பக்கெட், மக், கொடிக்கயிறு ஆகியவற்றுக்கு மட்டும் விலை சொல்வதில்லையாம். அவை அறையோடு போகும். எலெக்ட்ரிக் கெட்டில் விஷயம் வேறு. வார்டன் கண்ணில் பட்டால் பறிமுதல் என்பதால் அதற்கு விளம்பரம் கிடையாது. விற்பவரும் வாங்குபவரும் பேசிக்கொள்வதே தெரியாது. ஒரு தலையணை உறை மட்டும் சற்றுக் கனமாக வெளியே போகும்.

கடைசியில் எங்கள் வீட்டுப் பெண் வந்தாள். கையில் பெட்டி இல்லை, டிராஃப்டர்தான் இருந்தது. “ஒரு ஜூனியர் வர்றா மாமா. இதைக் குடுத்துட்டுக் கிளம்பிடலாம்.”

இன்ஜினியரிங் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. டிராஃப்டர் என்பது படம் வரையும் பலகையின் மேல் விளிம்பில் திருகி மாட்டும் ஒரு கருவி. இணையாக ஓடும் இரும்புக் கைகள், அவற்றின் நுனியில் கோணமானி, அதிலிருந்து ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீளும் இரண்டு கண்ணாடி நிற ஸ்கேல்கள். பலகையில் எங்கே இழுத்து வைத்தாலும் ஸ்கேல் சாயாது. அது சாயாமல் இருக்கும் வரைதான் அதற்கு மதிப்பு. திருகு ஒன்று தளர்ந்தால் கோடு கோணும், கோடு கோணினால் மார்க் போகும்.

இந்தக் கருவியின் விசித்திரம் என்னவென்றால், பெரும்பாலானவர்களுக்கு அதன் ஆயுள் ஒரே ஒரு செமஸ்டர். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த வருடப் பாடத்திட்டத்தில், இன்ஜினியரிங் கிராபிக்ஸ் இரண்டாம் செமஸ்டர் பாடம். மெக்கானிக்கல், சிவில்காரர்களுக்கு மட்டும் என்றில்லை, வாழ்நாளெல்லாம் கீபோர்டு தட்டப்போகும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளும் அந்த ஆறு மாதம் டிராஃப்டர் சுமந்தாக வேண்டும். அதற்கு முந்தைய 2017 ரெகுலேஷனில் அது முதல் செமஸ்டரில் இருந்தது. அப்போது இந்த வியாபாரம் அட்மிஷன் காலத்தில் நடந்தது. 2021 ரெகுலேஷனுக்குப் பிறகு முதல் செமஸ்டர் பரீட்சை முடிந்த கையோடு, பொங்கலை ஒட்டி என்றானது. ஒரு பாடத்தை ஒரு செமஸ்டர் தள்ளி வைத்தால் ஹாஸ்டல் வாசல் சந்தையின் நாளும் மாறிவிடுகிறது.

ரெகுலேஷன் என்ற சொல் புத்தகம் விற்கிறவர்களுக்கு இன்னும் கசப்பானது. 2013, 2017, 2021 என்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாடத்திட்டம் மாறியிருக்கிறது. பாடம் பெரிதாக மாறாது. நியூட்டன் சொன்னதை யார் மாற்றுவது? ஆனால் யூனிட்டுகள் இடம் மாறும், சப்ஜெக்ட் கோடு மாறும். அட்டையில் பழைய வருடம் அச்சடித்த புத்தகத்தை ஜூனியர்கள் கையால்கூடத் தொட மாட்டார்கள். நேற்று வரை பாதி விலைக்குப் போன புத்தகம் மறுநாள் எடைக்குப் போகும். இதிலெல்லாம் சிக்காமல் தப்பிப்பவை டேட்டா புக்குகள். கோவை பி.எஸ்.ஜி. கல்லூரி தொகுத்த டிசைன் டேட்டா புக்கைப் பரீட்சை ஹாலுக்குள்ளேயே கொண்டுபோகலாம் என்பதால், எத்தனை ரெகுலேஷன் வந்தாலும் அதற்கு ஆள் உண்டு. உள்ளே ஏதும் கிறுக்கியிருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. பாடப் புத்தகத்தில் நிலவரம் தலைகீழ். சீனியர் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் எந்த வருடம் கேட்ட கேள்வி என்று குறித்து வைத்திருந்தால்தான் அதற்கு மவுசு. கசங்காத புத்தகத்தைப் பார்த்தால் இந்த அக்கா படித்தாளா இல்லையா என்ற சந்தேகம் வந்துவிடும்.

நான் சென்னையில் படிக்க வந்தபோது, பழைய புத்தகங்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் இல்லை. 1900-ஐ ஒட்டி எழுந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985-ல் எரிந்துபோய், புத்தகக்காரர்கள் பக்கத்தில் அல்லிக்குளத்துக்கு மாறியிருந்தார்கள். சீனியர்கள் மட்டும் எதை வாங்கிக் காட்டினாலும் “மூர் மார்க்கெட்ல இதைவிடச் சல்லிசாக் கிடைக்கும்” என்று பெருமூச்சு விடுவார்கள். எனக்கு வாய்த்தது திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு பிளாட்பாரம். அங்கே பேரம் பேச ஒரு முறை உண்டு. வேண்டிய புத்தகத்தை முதலில் எடுக்கக் கூடாது. வேண்டாத மூன்றைப் புரட்டிவிட்டு, போகிற போக்கில் நாலாவதாக அதைத் தொட வேண்டும். கடைக்காரருக்கு இது தெரியாதா என்ன! நாலாவது புத்தகத்துக்குத்தான் விலையை ஏற்றிச் சொல்வார்.

ஜெராக்ஸ் கடையைச் சொல்லாமல் கல்லூரி வாசல் வியாபாரத்தைப் பேச முடியாது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு அந்த மெஷின் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்தச் சூட்டு வாசம் மறக்காது. ஒரு நோட்டு, நாற்பது நகல். கடைக்கார அண்ணனுக்கு எந்த யூனிட்டிலிருந்து எத்தனை காப்பி போனது என்று தெரியும். ஆகவே எது முக்கியம் என்பதும் வாத்தியாரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். “மூணாவது யூனிட்டை விட்றாத தம்பி, இன்னிக்கு அதான் ஓடுது” என்று அவர் சொன்னதை நம்பித் தேறியவர்கள் உண்டு. நான் ஒருமுறை நம்பாமல் போனேன். அரியர் விழுந்தது.

டெல்லியில் இப்படி ஒரு கடை மேல் வழக்கே நடந்தது. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீஸ் என்ற சின்னக் கடை, ஆசிரியர்கள் சொல்லும் அத்தியாயங்களை நகலெடுத்து ஒரே கட்டாகத் தைத்து மாணவர்களுக்கு விற்றது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸும் சேர்ந்து 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. கற்பிக்கும் வேலைக்காக ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது என்று 2016 செப்டம்பரில் ஒற்றை நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் அந்த ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் அந்த அடிப்படையை ஒப்புக்கொண்டு, அந்தப் பக்கங்கள் பாடத்துக்குத் தேவையானவைதானா என்ற கேள்வியை மட்டும் விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் தாங்களே வழக்கை விட்டு விலகின. அச்சடித்த தாளை விற்றுப் பிழைக்கிற எனக்கு இதில் இரண்டு மனசு. எங்கள் இதழை ஒருவர் நகலெடுத்தால் வயிறு எரியும்தான். ஆனால் அந்தக் கடையில் வரிசையில் நின்ற பிள்ளைகளை நினைத்தால், நானும் அப்படி ஒரு வரிசையில் நின்றவன்.

ஹாஸ்டலில் செமஸ்டர் முடிவது பரீட்சையோடு அல்ல, பாக்கி தீர்வதோடு. டிவைடிங் சிஸ்டம் மெஸ்ஸில் மாதச் செலவை எல்லார் தலையிலும் வகுத்துப் போடுவார்கள். கடைசி மாதம் பாதிப் பேர் ஊருக்குப் போயிருக்க, இருந்தவன் தலையில் கூடுதலாக விழும். வாசல் டீக்கடையில் ஒரு நீள நோட்டு. அதில் என் பெயர் இருக்காது, அறை எண்தான் இருக்கும். “கணக்கை முடிச்சிட்டுப் போ தம்பி” என்பார் மாஸ்டர். முடிக்காமல் போனவர்களும் திரும்பி வந்தபோது அதே நோட்டில் அதே பக்கத்தைப் பார்த்தார்கள். கோவையில் அன்று நான் டீ குடித்த கடையில் நோட்டு இல்லை. கியூஆர் கோடு ஒட்டிய சின்ன ஸ்பீக்கர் ஒவ்வொரு பன்னிரண்டு ரூபாயையும் ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தது. கடன் சொல்ல அந்த ஸ்பீக்கரிடம் வழியில்லை.

நான் கல்லூரியை விட்டுக் கிளம்பிய வாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அறையைக் காலி செய்யும் அவசரத்தில் நோட்டு, ரெக்கார்டு, செய்தித்தாள் எல்லாவற்றையும் கட்டிப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டு அந்தக் காசில் படம் பார்த்துவிட்டோம். மறுநாள் நோ டியூஸ் கையெழுத்துக்கு லைப்ரரியில் நிற்கும்போதுதான் தெரிந்தது, டிமோஷென்கோவின் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் என் பெயரில் நிலுவை. சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினேன். புத்தகம் இருந்தது, ஆனால் அட்டை இல்லை. அட்டைக்குத் தனி ரேட் என்பதால் கடைக்காரர் உரித்து அட்டைக் குவியலில் போட்டிருந்தார். அரை மணி நேரம் இரண்டு பேரும் குவியலைக் கிளறி அட்டையையும் எடுத்தோம்.

“எவ்வளவு அண்ணாச்சி?”

அவர் தராசை எடுத்தார். உள்பக்கத்தை ஒரு தடவை நிறுத்தார். அட்டையைத் தனியாக ஒரு தடவை நிறுத்தார். “நான் எடைக்கு வாங்கினேன், எடைக்குத்தான் குடுக்கணும்” என்று இரண்டு ரேட்டையும் கூட்டிச் சொன்னார். மூன்று ரூபாய்க்கும் குறைவு. தேடின அரை மணிக்கு அவர் கூலி கேட்கவில்லை. பைண்டிங் செய்பவரிடம் கொடுத்து ஒட்டி எடுத்துப் போனேன். லைப்ரரியன் புத்தகத்தைத் தட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்குப் பிறகும், சேரும்போது கட்டிய காஷன் டெபாசிட் கைக்கு வர நான்கு மாதம் ஆனது. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட ஊரிலிருந்து வந்து போன பஸ் செலவைக் கழித்தால் மிஞ்சியது சொற்பம்.

என்னை இதைச் சொல்ல வைத்தது, கோவை ஹாஸ்டல் வாசலில் அந்த டிராஃப்டர் கைமாறிய விதம்.

ஜூனியர் வந்தாள். டே ஸ்காலர், அப்பா பைக்கை அணைக்காமல் தூரத்தில் நின்றார். அவள் டிராஃப்டரை வாட்ச்மேன் மேஜை விளிம்பில் திருகி மாட்டினாள். விசிட்டர் ரெஜிஸ்டரை நகர்த்திக் கொடுத்தவர் வாட்ச்மேன்தான். அடியில் பழைய தினசரித் தாளை விரித்து, மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு இழுத்தாள். ஸ்கேலை எடுத்து இரண்டு ஓரத்திலும் இடைவெளியை அளந்தாள்.

“லேசா ஆடுதுக்கா.”

“அந்த ஸ்க்ரூதான். ஒரு ரூபாய்க் காசால திருப்பு, நின்னுடும்.”

காசால் திருகினாள். நின்றது.

“எவ்ளோக்கா?”

“நான் எரநூத்தம்பதுக்கு வாங்கினேன். எரநூத்தம்பது குடு.”

பேரம் இல்லை. போனில் பணம் போனது. நான் அந்தக் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மாட்டும் பிடியின் பின்புறம் காம்பஸ் முனையால் கீறிய எழுத்துகள். இனிஷியல், பக்கத்தில் வருடம். ஆறு பேர். 20 என்று கீறியவருக்கு அடுத்தவர் 22. நடுவில் கொரோனாவில் கல்லூரி பூட்டிக் கிடந்தபோது யார் வீட்டுப் பரணில் இருந்ததோ.

காரில் வரும்போது கேட்டேன். புதிதாக வாங்கிய முதல் ஆள் ஐந்நூறு கொடுத்தாராம், பாதிக்கு விற்றாராம். அதற்குப் பிறகு யாருமே விலையை ஏற்றவில்லை, இறக்கவும் இல்லை. அப்படியானால் பின்னால் வந்த ஐந்து பேரும் இலவசமாகத்தான் படம் வரைந்திருக்கிறார்கள். இருநூற்றைம்பது ரூபாய் விலையே இல்லை, டெபாசிட். ஸ்டாம்ப் இல்லை, ரசீது இல்லை, நான்கு மாதக் காத்திருப்பு இல்லை. கேட்ட நிமிடத்தில் முழுசாகத் திரும்பி வருகிறது. “இதுக்கு ரூல் யாரு போட்டா?” என்றேன். “ரூலா? அப்படித்தான் மாமா குடுப்பாங்க” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். பத்து நாள் பரீட்சைத் தூக்கம்.

திருப்பூர் தாண்டும்போது அவள் போன் ஒலித்தது. எடுக்கவில்லை, வண்டியை ஓரம் நிறுத்திய சமயத்தில் திரையைப் பார்த்தேன். ஜூனியர் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அந்தப் பிடியின் பின்புறம், ஆறு இனிஷியலுக்குக் கீழே, ஏழாவது.

நீங்கள் ஹாஸ்டலை விட்டு வரும்போது எதை விற்றீர்கள், எதைச் சும்மா விட்டு வந்தீர்கள், எதைக் கொடுக்க மனமில்லாமல் இன்றும் பரணில் வைத்திருக்கிறீர்கள்? அஞ்சலட்டை அளவு எழுதினால் போதும். வருகிற கடிதங்களுக்கு அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். கெட்டில் விற்றவர்கள் பெயர் போடாமல் எழுதலாம்.

அன்புடன்,
ஆசிரியர்