எடை எஞ்சும், வேலைப்பாடு அழியும்

உலகச் சந்தையில் தங்கத்தின் விலை 2025 ஒக்டோபரில் அவுன்ஸ் ஒன்றுக்கு 4,000 அமெரிக்க டொலரைத் தாண்டியது. விலை ஏறும்போதெல்லாம் பழைய நகைகள் பெட்டகத்தை விட்டுக் கடைத் தராசுக்கு வருவது வழமை. அங்கே பார்க்கப்படுபவை எடையும் மாற்றும் மட்டுமே. செய்த கைக்கு அந்தத் தராசில் இடமில்லை. கரீபியன் பிரதேசத்தின் கைவினை நகைகளுக்கு இது நேரும்போது அணிகலனோடு சேர்ந்து எழுதப்படாத ஒரு வரலாறும் உருக்கப்படுகின்றது என்பது எனது கருத்து.

1838 இல் கயானாவிலும் 1845 இல் திரினிடாட்டிலும் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் கரையிறங்கத் தொடங்கினர். 1917 வரை நீடித்த இந்தக் குடிபெயர்வில் பெரும்பாலானோர் போஜ்புரி பேசும் வட இந்திய மாவட்டத்தவர். சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் சிறுபான்மையினர். கரும்புத் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த வெள்ளி நாணயங்களை அவர்கள் தம்மிடையே இருந்த பொற்கொல்லரிடம் கொடுத்தனர். அவர் அவற்றை மூசையிலிட்டு உருக்கி, தண்டாக அடித்து நீட்டி, காப்பாக வளைத்துக் கொடுத்தார். வாய் திறந்த அந்தக் காப்பை அங்கே ‘பெரா’ என்பர். வங்கிப் படியேறாத பெண்ணுக்குக் கையில் கிடந்த காப்பே சேமிப்பு. பின்வந்த தலைமுறையினரின் கைகளில் வெள்ளியின் இடத்தைத் தங்கம் பிடித்தது.

பெராவின் இரு முனைகளிலும் கொக்கோக் காய் வடிவம் அமைவதுண்டு. கங்கைக் கரைக் கிராமங்களில் கொக்கோ மரம் இல்லை. மூதாதையரிடம் கற்ற வடிவத்தில், வந்து சேர்ந்த மண்ணின் காயை வைத்த அந்தக் கொல்லரின் பெயரை நாம் அறியோம்.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கதை வேறு. அங்கே அடிமை முறை 1848 இல் ஒழிந்தது. அத்தீவுகளின் கிரியோல் பொற்கொல்லர் செய்த கனத்த வளையச் சங்கிலிக்கு ‘ஃபோர்சா’ என்று பெயர். விலங்கிடப்பட்ட கைதி என்பது அதன் பொருள். அடிமைகளின் வழிவந்த பெண்கள் அதனைப் பொன்னில் செய்து, திருநாள் உடையோடு அணிந்தனர். சீத்தாப்பழத்தின் பெயர் கொண்ட தோடும் அங்கே உண்டு. 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து நம்மவர் சென்று சேர்ந்ததும் இதே தீவுகளுக்குத்தான்.

இன்று சொகுசுக் கப்பல்கள் தரிக்கும் கரீபியன் துறைமுகங்களில் தீர்வையற்ற நகைக்கடைகள் வரிசையாக நிற்கின்றன. கண்ணாடிப் பேழைகளில் மின்னுபவற்றுள் பெரும்பகுதி இறக்குமதி. அச்சு வார்ப்பில் நூறு உருப்படி இறங்கும் வேகத்தோடு, ஊதுகுழலும் சுத்தியலும் கொண்டு ஒன்றைச் செய்பவர் விலையில் எப்படிப் போட்டியிடுவார்?

‘ஆபத்துக்கு உதவத்தானே நகை? மருந்துக்கும் வாடகைக்கும் விற்பவரைக் குறை கூறலாமா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் காப்பு வாங்கப்பட்டதே இத்தகைய நாளுக்காகத்தான். ஆகவே, விற்பவரை நான் குறை கூறவில்லை. வாங்கும் கடைக்காரர் உருக்குமுன் ஒரு படமேனும் எடுத்து வைக்கலாம். அருங்காட்சியகங்கள் எடைக்கு மேல் வேலைப்பாட்டுக்கும் விலை கொடுத்து வாங்கலாம். ரொறன்ரோவிலும் நியூயோர்க்கிலும் வாழும் கயானா, திரினிடாட் குடும்பங்கள், பாட்டியின் காப்பு எந்தத் தோட்டத்துக் கூலியில் செய்யப்பட்டது என்பதை அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்கலாம். புதிதாக ஒன்று வாங்க நினைப்போர், இன்றும் பட்டறையில் அமர்ந்திருக்கும் கைவினைஞரிடம் சென்று, அவர் கேட்கும் செய்கூலியைப் பேரம் பேசாது கொடுக்கலாம். அந்தக் கூலி கட்டுப்படியானால்தான் அவருடைய பிள்ளை பட்டறையில் வந்து அமரும்.

உருக்கிய தங்கத்தை எந்நாளும் மீண்டும் நகையாக்கலாம். அதே நகையாக்க முடியாது.

கடல் கடந்த தேசத்துக் கதை என்று இதனை ஒதுக்கிவிட முடியவில்லை. நமது வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கும் அட்டியலைச் செய்த பத்தர் யார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?