கைபேசிக்குள் ஒரு கங்காணி

“டெலிவரி பையன்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வருகிறார்கள். விபத்துக்கெல்லாம் இவர்களே காரணம். பிடித்து அபராதம் போடுங்கள்!” – நகரத்துக் கனவான்கள் சிலர் இப்படிக் கூக்குரல் எழுப்பி வருகிறார்கள். அதே கனவான்கள்தான் வீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, அந்த மோட்டார் சைக்கிள் எந்தத் தெருவில் நகர்கிறது என்பதைத் தங்கள் கைபேசியில் பார்த்து, “இன்னும் ஏன் வரவில்லை?” என்று கேட்கிறார்கள்!

விபத்து நடக்கிறது, அதை நாம் மறுக்கவில்லை. மத்திய அரசின் கணக்குப்படியே 2022-ம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் ஓடுகிறது. திரையை இரண்டு வினாடி பார்த்தால் 22 மீட்டர், அதாவது இரண்டு மாநகர பஸ்களின் நீளம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். இது உயிர் போகிற விஷயம் என்பது தொழிலாளிக்குத் தெரியாதா? கனவான்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். விழப்போவது அவன்தான்.

அப்படியிருந்தும் அவன் ஏன் பார்க்கிறான்? யார் அவனைப் பார்க்க வைக்கிறார்கள்? இந்தக் கேள்வியைத்தான் கனவான்கள் கேட்க மறுக்கிறார்கள்.

பார்க்க வைப்பது யார்?

வழி தெரிந்துகொள்வதற்கு மட்டும் என்றால், கைபேசியை அடிக்கடி பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கைப்பிடியில் பொருத்திவிட்டால், “200 மீட்டரில் இடப்புறம் திரும்பவும்” என்று அது வாயால் சொல்கிறது. சந்தேகம் வந்தால் ஓரமாக நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் தொழிலாளியின் கைபேசியில் வரைபடம் மட்டுமா இருக்கிறது? ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஆர்டரின் மணி அடிக்கிறது. சில வினாடிகளுக்குள் ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் அது வேறொருவனுக்குப் போய்விடும். இத்தனை நிமிடத்தில் சேர வேண்டும் என்று கடிகாரம் ஓடுகிறது. நடுவில் வாடிக்கையாளர் கூப்பிடுகிறார். முகவரியோ “பழைய எண் 14, புதிய எண் 31”. வரைபடத்தில் குத்திய புள்ளியோ அடுத்த தெருவில் நிற்கிறது. கத்திப்பாரா போன்ற இடத்தில் பாலத்தின் மேலே ஏறுவதா, கீழே போவதா என்று ஒரு கணத்தில் முடிவு செய்ய வேண்டும். நின்று யோசிக்க நேரம் கிடையாது. மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதை வரைபடம் சொல்லாது. இறங்கிப் பார்க்க வேண்டியவன் தொழிலாளி.

எதிர்த்திசையில் வருவது குறும்பு என்கிறார்கள். மெட்ரோ ரயில் வேலைக்காகத் தெருவை அடைத்திருக்கிறார்கள். சுற்றிப் போனால் இரண்டு கிலோமீட்டர் கூடுகிறது. கம்பெனி கணக்கில் எழுதிய தூரத்துக்குத்தான் கூலி, சுற்றிய தூரத்துக்குக் கூலி இல்லை என்பது தொழிலாளர்களின் நீண்ட நாள் புகார். பெட்ரோல் செலவு அவனுடையது. தாமதத்துக்குக் கெட்ட பெயரும் அவனுடையது. அவன் சட்டத்தை மீறுகிறான் என்று கூச்சலிடும் கனவான்களே, அந்த மீறலில் லாபம் அடைகிறவன் யார் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?

சட்டம் யாரைப் பிடிக்கிறது?

2019-ம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு, வண்டி ஓட்டும்போது கைபேசியைக் கையாள்வதை அபாயகரமாக ஓட்டுவதாகக் கருதுகிறது. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. பிறகு 2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த விதி ஒரு சலுகை தந்தது: வழி பார்ப்பதற்கு மட்டும் கைபேசியைப் பயன்படுத்தலாம், ஆனால் ஓட்டுபவரின் கவனம் சிதறக்கூடாது.

கவனம் சிதறக்கூடாது! நல்லது. அந்தக் கவனத்தைச் சிதறடிப்பது யார்? ஓடும் வண்டியில் இருக்கிறவனுக்கு ஆர்டர் அனுப்பி, மணி அடித்து, நிமிடத்தை எண்ணிக் காட்டுவது கம்பெனி. அபராதம் கட்டுவது தொழிலாளி. வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்பது கம்பெனிக்குத் தெரியாதா? ஒவ்வொரு கணமும் தெரியும். தெரிந்தேதான் அனுப்புகிறது. ஆனால் அதைக் கேட்க இந்த விதியில் ஒரு வரி இல்லை. முதலாளி கையால் நடக்கும் குற்றத்துக்குத் தொழிலாளியின் பையில் அபராதம் வசூலிக்கும் ஏற்பாடு இது.

மனிதனைவிடக் காமிரா உயர்ந்ததோ?

2021 செப்டம்பரில் ஆப்பிள் கம்பெனி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மோட்டார் சைக்கிளின் பலமான அதிர்வு தொடர்ந்து பட்டால் தங்கள் கைபேசியின் காமிரா கெட்டுப்போகலாம். அதை வண்டியில் நேரடியாகப் பொருத்தாதீர்கள் என்றது. சிறிய ஸ்கூட்டர்களில்கூட அதிர்வைத் தணிக்கும் பிடிப்பான் போடச் சொன்னது.

காமிராவுக்கு இவ்வளவு கரிசனம்! அதே அதிர்வில், அதே வெயிலில், நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் மனிதனின் இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் எந்தக் கம்பெனி எச்சரிக்கை விட்டது? கைபேசி கெட்டால் புதிதாக வாங்குவதும் அவனே. உடம்பு கெட்டால் வீட்டில் படுப்பதும் அவனே.

“கூட்டாளி” என்னும் பித்தலாட்டம்

கம்பெனிகள் தொழிலாளியைத் தொழிலாளி என்று அழைப்பதில்லை. “டெலிவரி பார்ட்னர்” என்கின்றன. பார்ட்னர் என்றால் கூட்டாளி. வண்டி அவனுடையது, அதன் தவணை அவனுடையது, கைபேசி அவனுடையது, அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவும் பெரும்பாலும் அவனுடையது. லாபம் மட்டும் கம்பெனியுடையது! உலகத்தில் எங்கே கண்டோம் இப்படி ஒரு கூட்டு வியாபாரம்?

“வேகமாகப் போ என்று நாங்கள் சொல்லவில்லையே, அவர் விரும்பியபோது வேலை செய்கிறார்” என்று வாதாடுகிறார்கள். சொல்ல வேண்டிய அவசியம் என்ன? ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலியை வைத்துவிட்டால், சாட்டை தானாகவே சுழலும். உருப்படிக் கூலி தொழிலாளியைத் தன்னைத்தானே விரட்டிக்கொள்ளச் செய்கிறது என்பதை மார்க்ஸ் 1867-லேயே ‘மூலதனம்’ நூலில் விளக்கிவிட்டார். கடிகாரத்தைக் கையில் பிடித்துத் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் அளந்த டெய்லர் முறையை லெனின் 1914-ல் அம்பலப்படுத்தினார். அன்று அளப்பதற்கு ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. இன்று அந்த ஆள் தொழிலாளியின் சொந்தக் காசில் வாங்கிய கைபேசிக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

தேயிலைத் தோட்டத்துக் கங்காணிக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது. அவனை எதிர்த்து நின்று கேட்க முடிந்தது. இந்தக் கங்காணிக்கு முகமும் இல்லை, காதும் இல்லை. ஒருநாள் காலையில் கணக்கை முடக்கிவிட்டால், வேலை போனது ஏன் என்று கேட்கக்கூட ஆள் கிடையாது.

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு அமலுக்குக் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு என்ன செய்தது? இவர்களை முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர்கள் என்று எழுதி வைத்தது. கம்பெனிகள் ஆண்டு வருமானத்தில் 1 முதல் 2 சதவிகிதம் நிதிக்குக் கொடுத்தால் போதுமாம். அதற்கும் ஓர் உச்சவரம்பு! நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2020-21-ல் இத்தகைய தொழிலாளர்கள் 77 லட்சம் பேர், 2029-30-ல் 2.35 கோடி ஆவார்களாம். இத்தனை பேரும் யாருக்கும் தொழிலாளி இல்லையாம்!

தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் நல வாரியம் அமைக்கப்பட்டது. 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. கிடைத்ததை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மானியம் கடிகாரத்தை நிறுத்தாது.

கருவி நம் எதிரி அல்ல

“கைபேசியைத் தூக்கியெறிய வேண்டும், பழையபடி டீக்கடையில் வழி கேட்டுப் போவதே மேல்” என்று நம் தோழர்களிலேயே சிலர் பேசுகிறார்கள். இது தவறு. யந்திரத்தை உடைத்து எந்தத் தொழிலாளியும் விடுதலை அடைந்ததில்லை. அறியாத ஊரில், நள்ளிரவில், பெண் தொழிலாளி ஒருவர் தனியே வண்டி ஓட்டிப் போகும்போது அந்த வரைபடம் பெரும் துணை.

அதைப் படைத்தவன் யார்? வழி காட்டும் செயற்கைக்கோள்கள் எல்லாம் மக்களின் வரிப்பணத்தில் பறந்தவை. அமெரிக்க ராணுவம் 1978-ல் ஏவத் தொடங்கிய ஜி.பி.எஸ்., சோவியத் யூனியன் 1982-ல் ஏவத் தொடங்கிய க்ளோனாஸ், நமது இஸ்ரோ 2013-ல் ஏவத் தொடங்கிய நாவிக் – எதையும் ஒரு தனி முதலாளி தன் கைக்காசில் தொடங்கவில்லை. கூகுள் கம்பெனி 2017 டிசம்பரில் இரு சக்கர வண்டிக்கென்று தனி வழிகாட்டும் வசதியை இந்தியாவில் தொடங்கியது. எந்தச் சாலையில் நெரிசல் என்று அது எப்படிச் சொல்கிறது? சாலையில் போகிறவர்களின் கைபேசிகள் நகரும் வேகத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறது. அந்தக் கைபேசிகளில் நாள் முழுவதும் தெருவில் இருப்பவை யாருடையவை? டெலிவரித் தொழிலாளியுடையவை! அவன் உழைப்பில் துலங்கும் வரைபடத்தைக் கொண்டே அவனை விரட்டுகிறார்கள். குற்றம் கருவியில் இல்லை. அது யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

நமது கோரிக்கைகள்

1. வண்டி ஓடும்போது ஆர்டர் மணியும் நிமிடக் கணக்கும் வரக்கூடாது. வரைபடத்தின் குரல் மட்டுமே ஒலிக்க வேண்டும். மீறும் கம்பெனிக்கு அபராதம் போடு!

2. கைபேசிப் பிடிப்பான், தலைக்கவசம், மழைக்கோட்டு ஆகியவற்றைக் கம்பெனி இலவசமாகத் தர வேண்டும்.

3. உண்மையில் ஓடிய தூரத்துக்கும், ஓட்டல் வாசலில் காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி வேண்டும்.

4. கூலியையும் ஆர்டரையும் தீர்மானிக்கும் கணக்கைச் சங்கத்தின் முன் வைக்க வேண்டும். ஸ்பெயின் நாடு 2021-ல் இதற்குச் சட்டமே செய்தது. இங்கே ஏன் முடியாது?

5. டெலிவரித் தொழிலாளி தொழிலாளியே என்று சட்டத்தில் எழுது!

இவை கெஞ்சிப் பெறுபவை அல்ல. 2025 டிசம்பர் 31 அன்று நாட்டின் பல நகரங்களில் தொழிலாளர்கள் கைபேசியை அணைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் மத்திய தொழிலாளர் அமைச்சர் கம்பெனிகளுடன் பேச வேண்டி வந்தது. பிளிங்கிட் தன் விளம்பரத்திலிருந்து “10 நிமிடம்” என்ற கோஷத்தை எடுத்தது. விளம்பரத்திலிருந்து போனது போதாது. தொழிலாளியின் முதுகிலிருந்தும் அது இறங்க வேண்டும்.

தோழர்களே! கைபேசி உங்களைத் தனித்தனியே பிரித்துத் தெருவில் விட்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஓட்டல் வாசலிலும், ஒவ்வொரு கிடங்கு வாசலிலும் ஆர்டருக்காக நீங்கள் ஒன்றாகவே நிற்கிறீர்கள். அங்கே பேசுங்கள். அங்கே சங்கத்தைக் கட்டுங்கள். அந்தக் கங்காணியைக் கீழே இறக்க ஒன்றுபட்ட சங்கத்தால் மட்டுமே முடியும்!