பூங்குருவியை ஊமையாக்கிய படம்

பீட்டர் ஜாக்சனின் 'ஹாபிட்' படங்கள் மூன்றனுள் நடுவிலுள்ள 'தி டெசலேஷன் ஆஃப் ஸ்மௌக்' (2013) பற்றிய பேச்சு நம் ஆய்வு வட்டங்களில் ஏறத்தாழ ஒரே தடத்தில்தான் நடக்கிறது. சிறுவர்க்கென 1937இல் வெளிவந்த, பத்தொன்பது இயல்களே கொண்ட நாவலை மூன்று படங்களாக இழுத்தது வணிகப் பேராசை என்பர் ஒரு சாரார். மூலத்துக்கு விசுவாசம் என்னும் அளவுகோலே தழுவலாய்வில் காலாவதியாகிவிட்டது என்று கூறிக் கதவைச் சாத்துவர் மறு சாரார். இரண்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. இப்படத்தில் நான் காணும் குறை நீளம் சார்ந்ததன்று, மாற்றம் சார்ந்ததுமன்று. மொழிகளின் இலக்கணத்தின்மீது இத்தனை அக்கறை காட்டிய படம், பேச்சு செய்யக்கூடிய வேலையை அதன் கையிலிருந்து பறித்துக்கொண்டது என்பதே என் குற்றச்சாட்டு.

அக்கறையை மறுப்பதற்கில்லை. மொழியியலாளர் டேவிட் சாலோ டோல்கீன் விட்டுச்சென்ற துணுக்குகளிலிருந்து எல்ஃப்களின் சிந்தாரினையும் குள்ளர்களின் குஸ்துலையும் பேசத்தக்க அளவுக்கு விரித்துக் கொடுத்தார். நாவலில் இல்லாத டாரியேல் என்னும் பாத்திரத்துக்குக்கூடக் 'காட்டின் மகள்' என்று பொருள்படும் முறையான சிந்தாரின் பெயர் வாய்த்தது. தோரின் எல்ஃப் அரசனைத் தன் தாய்மொழியில் சபிக்கிறான். ஓர்க்குகள் தம் மொழியில் உறுமுகின்றன, கீழே வசனவரிகள் ஓடுகின்றன. ஒலியனியலும் உருபனியலும் உண்டு. குறை சொல்ல ஏதுமில்லை.

ஆயினும் டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியர். அவருக்குச் சொல் என்பது முதலில் ஒரு செயல். 'ஸ்மௌக்' என்னும் பெயரே துளைக்குள் நுழைந்து செல்லுதலைக் குறிக்கும் தொல் ஜெர்மானிய வினையின் இறந்தகால வடிவம் என்று 1938இல் ஒரு நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிட்டு, அதை மட்டமானதொரு மொழியியல் வேடிக்கை என்று தம்மையே கேலி செய்துகொண்டார். வளையில் வாழும் பில்போ, வளைக்குள் புகுந்தவனைச் சந்திக்கச் செல்லும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எது?

அந்தச் சந்திப்பைப் பார்ப்போம். நாவலில் பில்போ கணையாழி அணிந்து கண்ணுக்குப் புலப்படாமல் நிற்கிறான். டிராகனுக்கு வாசனையும் குரலும் மட்டுமே கிட்டுகின்றன. பெயரைச் சொன்னால் ஆபத்து. மறுமொழியே தராவிட்டாலும் ஆபத்து. எனவே பில்போ தன் பயணத்தையே விடுகதைகளாக்கித் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறான். இதன் வேர் பழைய நோர்ஸ் மொழியிலுள்ள 'ஃபாஃப்னிஸ்மால்' என்னும் பாடலில் இருக்கிறது. அங்கே குத்துண்டு சாகும் டிராகனிடம் சிகுர்த் முதலில் தன் பெயரை மறைக்கிறான். சாகிறவன் பெயர் சொல்லிச் சபித்தால் சாபம் பலிக்கும் என்பது நம்பிக்கை. திரைப்படத்தில் பில்போ உரையாடலின் நடுவே கணையாழியைக் கழற்றிவிடுகிறான். உடல் புலப்பட்டபின் பெயரை மறைப்பதற்கு என்ன பொருள்? விடுகதைகள் எஞ்சுகின்றன, அவற்றைத் தேவையாக்கிய சூழல் எஞ்சவில்லை. பயன்வழியியல் பாடத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அடுத்தது முகத்துதி. நாவலில் பில்போ டிராகனின் கவசத்தைப் புகழ்ந்து புகழ்ந்தே அதைப் புரளவைத்து, இடப்பக்க மார்பில் மூடப்படாத ஓரிடத்தைக் கண்டுகொள்கிறான். அந்தச் செய்தி பேச்சால் பெறப்பட்டது. படத்திலோ அங்கே செதில் பெயர்ந்திருப்பது பார்டின் முன்னோன் கிரியன் எய்த அம்பால். பில்போ அதைக் காண்கிறான், ஆனால் உறுதிசெய்ய மட்டுமே. அறிவு, வாயிலிருந்து ஆயுதத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டது. பிறகு உலைகள் மூட்டப்படுகின்றன, உருகிய பொன் பெருக்கெடுக்கிறது, குள்ளர்கள் நெடுநேரம் ஓடுகிறார்கள். நாவலில் அவர்கள் மலைக்குள் டிராகனை எதிர்கொள்வதே இல்லை. அந்த ஓட்டத்தைப் பற்றி எழுத எனக்கு வேறொன்றுமில்லை.

என்னை மிகவும் வருத்துவது பூங்குருவி. நாவலில் பில்போ குள்ளர்களிடம் அந்த வெற்றிடத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு முதிய பூங்குருவி அருகிலிருந்து கேட்கிறது. ஏரி நகரம் எரியும் இரவில் பறந்து சென்று பார்டின் காதில் சொல்கிறது. அவனுக்கு அது புரிகிறது. ஏனெனில் அழிந்துபோன டேல் நகரத்தார் பூங்குருவிகளின் மொழியை அறிந்தவர்கள். அவன் அவர்களின் வழித்தோன்றல். டிராகனின் குருதியைச் சுவைத்த சிகுர்த்துக்குப் பறவைகளின் பேச்சு விளங்கிய அதே பழைய இழை இது. டோல்கீன் அதிலிருந்து குருதியை நீக்கிவிட்டு மரபுரிமையை வைத்தார். ஊர் சாம்பலானபின்னும் அதன் கேட்கும் திறன் ஒருவனிடம் மிஞ்சியிருக்கிறது. படத்தில் அந்தப் பறவை மறைவாசலருகே கல்லைத் தட்டுவதோடு சரி. பார்டுக்கு முன்னோனிடமிருந்து கிடைப்பது ஒரு கரிய இரும்பு அம்பு.

இதை வெறும் ரசிக மனத்தாங்கலாக நண்பர்கள் கொள்ளவேண்டாம். 2010 ஜனவரியில் அந்தமானில் மறைந்த போவா சீனியர், போ மொழியின் கடைசிப் பேச்சாளர். தம் மொழியில் பேச மனிதர் எவருமின்றிப் போன பின்னாளில் அவர் பறவைகளோடு பேசுவதுண்டு என அவருடன் பணியாற்றிய மொழியியலாளர் அன்விதா அப்பி கூறியிருக்கிறார். நம் துறை அகராதி தொகுக்கக் கற்றுக்கொடுக்கிறது, இலக்கணம் எழுதக் கற்றுக்கொடுக்கிறது. பேசுவோர் மறைவதை எண்ணிக்கையாக்கவும் தெரியும். ஒரு மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் செவிகள் மறைவதை எழுதுவதற்கு நம்மிடம் சொற்கள் குறைவு. சிறுவர் நாவலொன்று அதைப் பறவை ஒன்றைக்கொண்டு எளிதாகச் சொல்லிவிட்டது. இத்தனை மொழியறிவைப் பணியமர்த்திய படம் அதைக் கவனிக்கவேயில்லை.

திரைப்படம் காட்சி ஊடகம், பேச்சைச் சுமக்காது என்ற மறுமொழி வரும். ஆனால் இதே இயக்குநர் முந்தைய படத்தில் பில்போவும் கொல்லமும் இருளில் விடுகதை போடுவதை ஏறக்குறைய முழுக்கப் பேச்சாகவே நடத்திக்காட்டினார். அந்தப் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. இந்தப் படத்திலேயே சிலந்திகளின் பகுதி இருக்கிறது. நாவலில் பில்போ சிலந்திகளைச் சீண்டப் பாடும் பாட்டில் சிலந்தியைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொற்கள் நிறைந்திருக்கும்; படத்தில் அது இல்லை. பதிலுக்கு, கணையாழியை அணிந்த கணத்தில் சிலந்திகளின் சீறல் பேச்சாக மாறி அவன் காதில் விழுகிறது. சாகும் சிலந்தி வலியில் கத்தும் சொல்லையே தன் வாளுக்குப் பெயராக அவன் எடுத்துக்கொள்கிறான். நாவலில் அந்தப் பெயரை அவனே சூட்டுவான். எதிரியின் மொழி புரிந்ததால் பிறந்த பெயர் என்பது மூலத்தைவிட ஒரு படி மேல் என்றே நினைக்கிறேன். ஒரு மாற்றத்தை நான் இங்கே மகிழ்ந்து ஏற்கிறேன் என்பதை விசுவாசக் கட்சியார் குறித்துக்கொள்ளட்டும்.

செயற்கை மொழிகளின் ஈர்ப்பால் மொழியியலுக்கு வரும் முதலாண்டு மாணவர்கள் என்னிடம் சிந்தாரினின் மெய்ம்மாற்றங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். மகிழ்ச்சியோடு விளக்குகிறேன். விளக்கி முடித்ததும், பார்டுக்குப் பூங்குருவி சொன்னது ஏன் புரிந்தது என்று நான் கேட்பேன். படத்தை மட்டும் பார்த்தவர்கள், எந்தப் பூங்குருவி என்று திருப்பிக் கேட்கிறார்கள்.