சுங்கச்சாவடியில் சாவடி எங்கே?

கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் பெருஞ்சாலையில், வாளையாற்றுக்குச் சற்று முன்பாகக் கந்தேகவுண்டன்சாவடி என்றோர் ஊர் உண்டு. கே.ஜி.சாவடி என்று சுருக்கிச் சொல்லிச் சொல்லி அதன் முழுப்பெயரையே பலர் மறந்துவிட்டனர். பீளமேட்டில் தண்ணீர்ப்பந்தல் என்றொரு பகுதி. பழனிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையில் ஒட்டன்சத்திரம். இப்பெயர்களை நாள்தோறும் உச்சரிக்கிறோம். பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கவும், ஒரு வாய் நீர் பருகவும், இருட்டிவிட்டால் தலை சாய்க்கவும் முன்பின் அறியாத எவரோ செய்துவைத்த ஏற்பாடு, கட்டடம் மறைந்த பின்பும் ஊர்ப்பெயராய் நிலைத்திருக்கிறது.

சாவடி என்னும் அச்சொல் இன்றும் வழக்கில் இருக்கிறது. சேலத்திலிருந்து கோவைக்கு வரும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வைகுந்தம், விஜயமங்கலம், கணியூர் என மூன்று இடங்களில் அதைப் பலகையில் காணலாம். சுங்கச்சாவடி! சுங்கம் தவறாமல் வாங்கப்படுகிறது. சாவடி எங்கே?

இக்கேள்வியை விளையாட்டாகக் கேட்கவில்லை. சாலை என்பது ஓடுவதற்கு மட்டுமே, நிற்பதற்கன்று என்னும் புதிய எண்ணம் ஒன்று நம்மை அறியாமலே நம் தலைக்குள் குடியேறியிருக்கிறது. அந்த எண்ணம் தவறானது. அது ஆட்களைக் கொல்கிறது. இதைச் சொல்லவே இக்கட்டுரை.

கொங்கு நாடு வழிகளால் வளர்ந்த நாடு. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவே மேலைக் கடற்கரையும் உள்நாடும் பேசிக்கொண்டன. நொய்யற்கரைக் கொடுமணலின் அகழாய்வும், வெள்ளலூரில் புதையலாய்க் கிடைத்த உரோமானியக் காசுகளும் அந்தப் பேச்சின் எச்சங்கள். கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் இராசகேசரிப் பெருவழி என்று பெயர் பொறித்த கல்வெட்டும் இருக்கிறது. ஆயினும் நம்மை மிகவும் சிந்திக்கவைப்பது தருமபுரிப் பகுதியில் கிடைத்த, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காதக்கல். அதியமான் பெருவழியில் நின்ற அக்கல், நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்று அறிவிக்கிறது. எழுத்தறியாதவரும் விளங்கிக்கொள்ளட்டும் என்று இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் அதில் குடையப்பட்டுள்ளன. கல்லைச் செதுக்கியவனின் பரிவைப் பாருங்கள்! அதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அக்கல் தொலைவை அளப்பது அரண்மனைக்கு அன்று, கோட்டைக்கும் அன்று, ஒரு தாவளத்துக்கு. தாவளம் என்றால் வணிகச் சாத்துகள் இளைப்பாறும் தங்குமிடம். இளைப்பாறும் இடத்தை இலக்காக வைத்துச் சாலையை அளந்தவர் நம் முன்னோர்.

சுமைதாங்கிக் கல்லை இளைஞர் பலர் இன்று கண்டிருக்கமாட்டார்கள். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்திய எளிய அமைப்பு. தலைச்சுமையோடு வருபவர், பிறர் உதவியின்றி இறக்கிவைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரம். கருவைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுவுவது வழக்கம். இறக்கிவைக்க முடியாமற்போன ஒரு சுமைக்காக, வழியில் போகும் எல்லாருடைய சுமையையும் இறக்கிவைக்க ஓரிடம்! இதைவிட உயர்ந்த கல்லறையை நாம் அறியோம். சாலை அகலமாகும்போது முதலில் சாய்வது புளியமரம். அடுத்துக் காணாமற்போவது இந்தக் கல். கோவை–பொள்ளாச்சிச் சாலையை அகலப்படுத்தியபோது நிழல் எப்படிப் போயிற்று என்பதை அவ்வழியே நண்பகலில் சென்றுவருவோர் அறிவர். ஈடாக நட்ட கன்று மரமாகி நிழல் தர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று எந்த ஒப்பந்தமும் கணக்கிடுவதில்லை.

இனி, கொல்கிறது என்று சொன்னதற்கு வருவோம்.

2020ஆம் ஆண்டு பிப்ரவரி 20, விடியலுக்கு முந்திய இருள். பெங்களூருவிலிருந்து எர்ணாகுளம் சென்றுகொண்டிருந்த கேரள அரசுப் பேருந்து அவினாசி அருகே வந்தபோது, எதிர்த்திசைச் சாலையில் வந்த கண்டெய்னர் லாரி நடுத்திட்டைத் தாண்டி அதன்மேல் மோதியது. 19 உயிர்கள். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார் என்றே அன்றைய செய்திகள் கூறின. சட்டம் அவரைக் குற்றவாளி என்னும், சொல்லட்டும். பின்னிரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே மனித உடல் உறக்கத்தைக் கேட்டே தீரும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. அந்த நேரத்தில் தயங்காமல் வண்டியை ஓரங்கட்டி ஒரு மணி நேரம் படுத்தெழ நம் சாலைகளில் எத்தனை இடங்கள் இருக்கின்றன? இக்கேள்வியை எந்த நீதிமன்றக் கூண்டில் ஏற்றுவது?

நம் பங்கில் முப்பதாண்டுகளாக லாரி ஓட்டும் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு திருப்பலிக்கு மாதத்தில் ஒருமுறை வந்தால் பெரிது. வராததற்குக் கடிந்துகொள்ளப் போன நாம், அவர் சொன்னதைக் கேட்டு வாயடைத்துத் திரும்பினோம்.

"வண்டி நிறுத்தறதுக்கு எடம் இருக்குதுங்க சாமி. நாங்க கண்ண மூடறதுக்குத்தான் எடமில்ல. இருட்டுல நிறுத்திட்டுத் தூங்குனா, முழிக்கறப்ப டீசல் இருக்காது. தார்ப்பாய் அறுந்து கிடக்கும். மொதல்லெல்லாம் கிளீனர் பையன் இருந்தான், ஒருத்தர் தூங்க ஒருத்தர் முழிச்சிருந்தோம். இப்ப ஒத்தை ஆளுங்க."

அதன்பின் சாலையோரப் பலகைகளை வேறு கண்ணோடு பார்க்கிறோம். லாரி நிறுத்துமிடம் என்று எழுதியிருக்கும். நாம் கண்டவற்றுள் பலவற்றில் விளக்கில்லை, நீரில்லை, காவலில்லை. 2025 அக்டோபர் முதல் நாளுக்குப்பின் உருவாகும் லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று அரசு விதித்தது; நல்லதே. குளிர்ந்த அறையை எங்கே நிறுத்திவைத்து உறங்குவது?

பெண்களின் துன்பம் வேறு வகை. வேளாங்கண்ணிக்குப் பேருந்து ஏற்பாடு செய்யும்போதெல்லாம், நம் பங்குத் தாய்மார்கள் முந்திய மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். அதைத் தவமென்று ஒருகாலத்தில் நினைத்தோம்! வழியில் ஒதுங்க இடமில்லை என்னும் அச்சம் என்று பின்னர் ஒரு மூத்த அருட்சகோதரி சொல்லித் தெரிந்துகொண்டோம். நீரிழிவு நோயுள்ளவர்களும் அவர்களுள் உண்டு.

சட்டமே இல்லையா? இருந்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி நேரமே வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டலாகாது, இடையில் குறைந்தது அரைமணி ஓய்வு, இரவில் தங்க நேரும் இடங்களில் முதலாளியே ஓய்வறை அமைக்க வேண்டும் என்றெல்லாம் வகுத்தது. அது 2020இல் இயற்றிய தொகுப்புச் சட்டத்துக்குள் இப்போது கரைந்துவிட்டது. ஆனால் ஐந்து தொழிலாளருக்குக் குறைந்த நிறுவனத்தை அச்சட்டம் தொடவே இல்லை. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் ஒற்றை லாரியைக் கடனில் வாங்கித் தாமே ஓட்டும் முதலாளிகள் எத்தனை பேர்! அவர்களுக்கு யார் ஓய்வறை கட்டுவது? ஆகவேதான், ஓய்விடம் முதலாளியின் கருணையாகவோ கடைக்காரரின் வாணிகமாகவோ இராமல், சாலையின் உறுப்பாகவே இருத்தல் வேண்டும் என்கிறோம். பாலமின்றிச் சாலையைத் திறப்பதில்லை. ஓய்விடமின்றி மட்டும் எப்படித் திறக்கிறோம்?

அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. நாடெங்கும் 600க்கு மேற்பட்ட இடங்களில், 30 முதல் 50 கிலோமீட்டருக்கு ஒன்றாக, பயணியர் வசதிகள் தனியார் பங்கேற்போடு அமையும் என்று 2021இல் அறிவித்தார்கள். 2024 பிப்ரவரியில் ஓட்டுநர்களுக்கு முதற்கட்டமாக 1000 ஓய்வு மையங்கள் என்று பிரதமர் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் ‘ஹம்சஃபர்’ என்ற பெயரில் ஒரு கொள்கையும் வந்தது. இவற்றை நாம் இகழவில்லை. ஆனால் உணவகமும் விற்பனைக்கூடமும் முதலிலும், ஓட்டுநரின் படுக்கை கடைசியிலும் வரும் திட்டம் எதுவும் நம் கேள்விக்கு விடையாகாது. வண்டியோரம் அடுப்பு மூட்டிச் சோறாக்கும் மனிதருக்கு, வாங்கினால்தான் உட்காரலாம் என்னும் இடம் ஓய்விடமன்று, அது கடை.

நிலத்துக்கு எங்கே போவது என்பர். நியாயமான கேள்வி, சாலைக்காகத் தென்னந்தோப்பை இழந்த உழவரிடம் இன்னும் ஒரு துண்டு கொடு என்று கேட்க நமக்கும் வாய் வராது. கேட்கவும் வேண்டாம். சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுகள் ஆங்காங்கே புதர்மண்டிக் கிடக்கின்றன. தப்பிப் பிழைத்த புளியமரங்களும் அங்கேதான் நிற்கின்றன. அவற்றுக்கு வேலியிட்டு, விளக்கிட்டு, கழிப்பறையும் குடிநீரும் தந்து, காவலுக்கு ஆளமர்த்தினால் போதும். பராமரிப்புப் பணம்? சுங்கத்தில் ஒரு பங்கு. பராமரிக்கும் கைகள்? மகளிர் குழுக்கள் உள்ள ஊர்களைத்தானே சாலை கடந்துபோகிறது. இவை திறக்கப்படும்வரை அப்பகுதிச் சுங்கத்தை நிறுத்திவையுங்கள். எவ்வளவு விரைவில் கட்டி முடிப்பார்கள் என்று பாருங்கள்.

நல்ல சமாரியர் உவமையை ஆண்டுதோறும் வாசிக்கிறோம். குருவையும் லேவியரையும் வைத்து எத்தனையோ மறையுரைகள் ஆற்றிவிட்டோம். அந்தச் சாவடியைப் பற்றி ஒன்றும் ஆற்றியதில்லை. ஆம், நமது பொதுமொழிபெயர்ப்பு அங்கே ஆள்வது சாவடி என்னும் சொல்லையே. எரிகோ சாலையில் அது இல்லாதிருந்தால், அடிபட்டவரைத் தம் விலங்கின்மேல் ஏற்றிய பின் அந்தச் சமாரியர் எங்கே போயிருப்பார்? அவரது இரக்கம் தங்குவதற்கு ஏற்கெனவே ஒரு கூரை இருந்தது. அந்தக் கூரையை எழுப்பியவர் பெயர் நற்செய்தியில் இல்லை.

அரசைக் குறைகூறி முடித்துக்கொள்ளலாம், அது எளிது. ஆனால் இவ்விதழின் வாசகருள் லாரி உரிமையாளர் உண்டு; பெட்ரோல் பங்க் நடத்துவோர் உண்டு; திருப்பூரிலிருந்து சரக்கு அனுப்பி, விடிவதற்குள் தூத்துக்குடி போய்ச் சேரவேண்டும் என்று தொலைபேசியில் அதட்டுவோரும் உண்டு. அந்த அதட்டல்தான் ஓட்டுநரின் காலை முடுக்கியில் அழுத்துகிறது. உங்கள் பங்கின் கழிப்பறைச் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று சென்ற மாதம் கேட்டுப் பார்த்தீர்களா?

நம் ஆலயமும் சாலையோரத்தில்தான் இருக்கிறது. பாதயாத்திரைக் காலத்தில் பழனிக்குப் போவோர் நம் வாசலைக் கடந்தே செல்கின்றனர். இத்தனை ஆண்டுகளும் மாலை ஆறு மணிக்கு வெளிவாயிலைப் பூட்டிவந்தோம். சென்ற பங்குப்பேரவைக் கூட்டத்தில், வளாகக் கழிப்பறையையும் குடிநீர்க் குழாயையும் இரவிலும் திறந்து வைக்கலாம் என்று நாம் சொன்னபோது, திருட்டுப் போகுமே என்றார் ஒருவர். யார் கழுவுவது என்றார் மற்றொருவர். வாக்கெடுப்பில் ஒரே ஒரு வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. வாயிலுக்கு மேலே விளக்குப் போட மின்பணியாளர் அடுத்த வாரம் வருகிறார். கழுவுவது யார் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.