மௌத்துக்கு ஆறு மாதத்துக்கு முன் றூம் புக் பண்ண முடியுமா?

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் தருகிறேன்.

"ஓகஸ்ட் முழுக்க புல்." வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, எங்கே றூம் கேட்டாலும் இந்தப் பதில்தான். கேட்பது மே மாதத்தில்! சில வீடுகளுக்கு ஜனவரியிலேயே கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் புக்கிங் விழுந்துவிட்டதாம்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களில் நான் பிழை சொல்லவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு ஜூலை, ஓகஸ்டில்தான். மடுத் திருவிழா ஓகஸ்ட் 15. நல்லூரின் 25 நாள் திருவிழாவும் பெரும்பாலும் அதை ஒட்டியே வரும். திகதி முன்கூட்டியே தெரியும், பிளைட் டிக்கெட் எடுக்கும் கையோடு வீட்டையும் பிடித்து விடுகிறார்கள். யுத்த காலத்தில் வர முடியாமல் இருந்தவர்கள், தாராளமாக வரட்டும்.

என் வழக்கு வீட்டுச் சொந்தக்காரர்களோடுதான். இருக்கிற நாலு றூமையும் ஆறு மாதத்துக்கு முன்பே முழுசாகக் கொடுத்துவிட்டு, உள்ளூர்க்காரன் வந்து நின்றால் "முதலே சொல்லியிருக்கலாமே" என்கிறீர்கள். எதை முதலே சொல்வது?

எங்கள் ஆட்களின் கதையைப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் பாதி நீராவிப்பிட்டி, தண்ணீரூற்றுக்குத் திரும்பினால் மீதி இன்னும் புத்தளத்தில். இங்கே ஒரு மௌத் என்றால் அன்றைக்கே ஜனாஸாவை அடக்க வேண்டும். செய்தி கேட்டவர்கள் அநுராதபுரம், வவுனியா, மாங்குளம் என்று வான் பிடித்து ஓடி வருகிறார்கள். வந்தவர்கள் எங்கே படுப்பது? திரும்பி வந்த பலருக்குக் கிடைத்தது இந்திய வீட்டுத்திட்டத்தின் 550 சதுர அடி வீடு. அதற்குள் வீட்டாரும் இருபது விருந்தாளிகளும் இரண்டு இரவு கழிக்க வேண்டும், வயசான பெண்கள் உட்பட.

பெருநாளும் அப்படித்தான். ஹிஜ்ரி வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். நோன்புப் பெருநாள் எந்த நாள் என்பது பிறை பார்த்த இரவில், கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவித்தலோடுதான் உறுதியாகும். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள் அவகாசம் கிடைத்தாலே பெரிய விசயம். அந்தப் பெருநாளுக்கு வர நினைக்கிறவன் பெப்ரவரியில் எந்தத் திகதியைச் சொல்லி றூம் போடுவான்?

இது முஸ்லிம்களின் பிரச்சினை மட்டும் இல்லை. மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் தாயைச் சேர்த்துவிட்டு நெடுங்கேணியிலிருந்து வந்து நிற்கிற மகனுக்கும் இதே பதில்தான். மாற்றலாகி வருகிற ஆசிரியர்களுக்கும் இதே பதில்தான். கடிதம் கையில் கிடைத்துச் சில நாளில் கடமையேற்க வேண்டும், வாடகை வீடு அகப்படும்வரை ஒரு கிழமை தங்க இடம் இல்லை. என்னோடு படிப்பிக்கும் ஒருவர் முதல் நாலு இரவும் ஒரு கடையின் மேல்மாடியில் படுத்துவிட்டு வந்து பாடம் எடுத்தார்.

நீங்கள் சொல்லும் நியாயம் எனக்குத் தெரியும். வெளிநாட்டுப் புக்கிங் நிச்சயமானது, உள்ளூர்க்காரன் வாய்ச்சொல்லில் றூம் பிடித்துவிட்டு வராமல் விடுவான். இரண்டாவதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்கு மருந்து அட்வான்ஸ். பாங்கில் காசைப் போடச் சொல்லுங்கள், போடாவிட்டால் றூமைக் கொடுக்க வேண்டாம்.

ஆனால் அந்த நிச்சயம்? எயார்பிஎன்பியில் இலகுவான ரத்து விதியைப் போட்டிருக்கும் வீட்டுக்கு, வருவதற்கு 24 மணித்தியாலத்துக்கு முன் வேண்டாம் என்றாலும் முழுக்காசும் விருந்தாளிக்கே திரும்பிப் போகும். புக்கிங் டொட் கொம்மிலும் இலவசமாக ரத்துச் செய்யும் வசதி பரவலாக இருக்கிறது. இரண்டு மூன்று வீட்டைப் பிடித்து வைத்துவிட்டுக் கடைசியில் ஒன்றில் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எவ்வளவு முன்கூட்டிப் போடுகிறார்களோ அவ்வளவுக்கு மனம் மாறவும் இடம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு நாடு முழுக்கப் புக்கிங்குகள் எப்படிப் போயின? 2020இல் விமான நிலையத்தையே மூடினார்கள். 2022இல் பெற்றோல் வரிசை. அந்த நாட்களில் உங்கள் கதவைத் தட்டியது யார்? ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும் வந்த நம்ம ஆட்கள்தானே? அப்போது "வாங்கோ தம்பி, பார்த்துத் தாங்கோ" என்று கொடுத்த அதே றூமுக்கு இப்போது ஓகஸ்ட் விலை, அதுவும் புல்.

றூமைச் சும்மா கொடுக்கச் சொல்லவில்லை. நாலு றூம் உள்ளவர் ஒன்றை இணையத்தில் போடாமல் ஒதுக்கி வையுங்கள், கடைசி ஏழு நாள் வரைக்கும். அதற்குள் ஊரிலிருந்து ஒருவரும் கேட்காவிட்டால் இணையத்தில் திறந்து விடுங்கள். எத்தனை நாளைக்கு முன்னிருந்து முன்பதிவு எடுப்பது, எந்த நாளைப் பூட்டுவது எல்லாம் போனிலேயே மாற்றக்கூடியவை. தெரியாவிட்டால் வீட்டில் இருக்கும் ஏ.எல். பிள்ளையிடம் கேளுங்கள்.

பள்ளி நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. மஹல்லாவில் மேலதிக அறை வைத்திருப்பவர்களின் பெயரும் போன் இலக்கமும் ஒரு கொப்பியில் இருக்கட்டும். ஜனாஸா அறிவித்தலோடு அந்தக் கொப்பியும் வெளியே வரட்டும். இந்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு நான் பள்ளி வராந்தாவில் நிற்பேன், அறை தரக்கூடியவர்கள் வந்து பெயரைத் தாருங்கள்.