ஊசி இலை உமரி நிலத்து உப்பை எடுக்குமா?

கேள்வி: 'மணலி புதுநகரில் வீட்டை ஒட்டி 5 சென்ட் இடம் இருக்கிறது. போர்வெல் தண்ணீர் உப்பு. கத்தரி, வெண்டை எல்லாம் கருகிவிட்டன. ஊசி போன்ற தடித்த இலையுள்ள குத்துச்செடி மட்டும் தானாக வளர்கிறது. இதை வளர்த்தால் நிலத்து உப்பு நீங்கும், கீரையாகவும் சமைக்கலாம் என்கிறார்கள். உண்மையா?'
- வாசகர் ஒருவர், மணலி.

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது உமரிதான். எண்ணூர் கழிமுகம், பக்கிங்காம் கால்வாய்க் கரை, அத்திப்பட்டு உப்பளம், பழவேற்காடு என்று கடல்நீர் ஏறி இறங்கும் இடமெல்லாம் அதன் தாய்வீடு. இலையைக் கிள்ளினால் நீர் கசியும். சவுக்கு போல வறண்டு கணுக்கணுவாக இருக்காது. முழங்கால் உயரத்தோடு நிற்பது 'சுயேடா மாரிட்டிமா'. ஆள் உயரத்துக்கும் மேல் புதராக வளர்வது 'சுயேடா மோனாய்கா'.

மற்ற செடிகளைக் கருக்கும் உப்பை உமரி தன் இலைக்குள் இழுத்துச் சேர்த்துவைக்கிறது. கூடவே தண்ணீரையும் சேர்ப்பதால்தான் இலை தடித்திருக்கிறது. அதனால், 'உப்பு எடுக்கும்' என்பது உண்மை. எவ்வளவு எடுக்கும் என்பதுதான் கேள்வி. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், மாரிட்டிமா வகை 4 மாதங்களில் ஒரு ஹெக்டேரிலிருந்து 504 கிலோ உப்பை எடுத்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு ஹெக்டேர் 247 சென்ட். அப்படியானால், சென்ட்டுக்குச் சுமார் 2 கிலோ.

இப்போது உங்கள் போர்வெல்லைப் பாருங்கள். தண்ணீரின் டி.டி.எஸ் அளவு 2,000 என்றால், லிட்டருக்கு 2 கிராம் உப்பு. 1,000 லிட்டர் பாய்ச்சினால் 2 கிலோ உப்பு மண்ணுக்குள் போகிறது. ஒரு சென்ட்டில் உமரி நான்கு மாதம் உழைத்து எடுப்பதை, இரண்டு மூன்று பாய்ச்சலில் நீங்களே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். ஆகவே, உப்புத் தண்ணீரை நிறுத்தாமல் உமரியை மட்டும் நம்புவதில் பயனில்லை.

என்ன செய்யலாம்?

முதலில் மண் பரிசோதனை. திருவள்ளூர் மாவட்டம், திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள். மின்கடத்துதிறன் 4-க்கு மேல் இருந்தால் உவர் நிலம். கார அமிலத்தன்மை 8.5-க்கு மேல் போனால் களர் நிலமாக இருக்கலாம். ஜிப்சம் களருக்குத்தான் மருந்து; வெறும் உவருக்கு அது வேலை செய்யாது. தெரியாமல் வாங்கிப் போட்டுக் காசைக் கரைக்காதீர்கள்.

உவரைக் கழுவுவது மழைதான். ஐப்பசி மழைக்கு முன் சுற்றிலும் வரப்பை உயர்த்தி, கூரைத் தண்ணீரையும் உள்ளே திருப்பி, நீர் தேங்கி இறங்கும்படி செய்யுங்கள். உங்கள் பகுதியில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் என்பதால், காய்கறிக்கு மேட்டுப்பாத்தியோ, நல்ல மண் நிரப்பிய பையோதான் ஏற்றது. சேமித்த மழைநீரை இவற்றுக்கு மட்டும் ஊற்றுங்கள்.

உமரியை எங்கே வைப்பது? தாழ்வான ஓரத்தில், வேறு எதுவும் வராத இடத்தில் வரிசையாக விடுங்கள். உயிர்வேலிக்கு உயரமான வகை நல்லது. காய் காய்ந்ததும் விதையைச் சேகரித்து, மழை தொடங்கியதும் தூவலாம். உப்பில் வாழும் செடியானாலும், முளைக்க நல்ல தண்ணீர் கிடைத்தால்தான் நன்றாக வரும். முளைத்த பிறகு ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கலைத்துவிடுங்கள்.

வெட்டியதை அங்கேயே மூடாக்காகப் போடாதீர்கள், உரக்குழியிலும் சேர்க்காதீர்கள், எரித்துச் சாம்பலைத் தூவாதீர்கள். மூன்றிலும் உப்பு மண்ணுக்கே திரும்பும். வெட்டி வெளியேற்றினால்தான் கணக்கு குறையும்.

கடைசியாகக் கீரை விஷயம். கடலோரத்தில் உமரிக்கீரையை வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, உப்புப் போடாமல் கடைவது வழக்கம்தான். ஆனால், உங்கள் ஊரில் வேண்டாம். தொழிற்சாலைக் கழிவும் அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்த கழிமுகம் அது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்யும் பரவியது. உமரி உப்போடு சேர்த்து ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் இழுக்கக்கூடியது. வடித்து ஊற்றினால் உப்பு குறையும். உலோகம் போய்விடும் என்று நம்ப முடியாது. ஆட்டுக்கும் போடாதீர்கள். மாசில்லாத கடலோரத்துக் கீரை கிடைத்தாலும், ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தவிர்ப்பதே நல்லது.

உமரியைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. ஓரத்தில் நிற்கட்டும், தட்டுக்கு மட்டும் வர வேண்டாம்.