ரெக்கார்டு நோட்டில் எழுதினால் அது திறமூலமா?



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன். ரிட்டயர்டு கணக்கு வாத்தியாருக்குக் கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று கேட்பவர்கள் முழுக்கப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

என் தங்கை பேத்தி திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். திறமூல மென்பொருள் என்று ஒரு விருப்பப் பாடம் எடுத்திருக்கிறாள். நிரலின் மூலம் எல்லோருக்கும் திறந்து கிடக்கும். யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். போன மாதம் ஸ்ரீரங்கம் வந்தபோது அவளுடைய லேப் ரெக்கார்டைப் புரட்டினேன். லினக்ஸ் நிறுவும் முறை, கட்டளைகளின் பட்டியல், கடைசியில் 'முடிவு சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு வரி. வகுப்பு முழுக்க ஒரே நோட்டைப் பார்த்து எழுதியதாம். அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்துகொண்டு நீச்சலுக்கு வரையறை எழுதிய மாதிரி இருந்தது எனக்கு.

அதே பெண் இரவில் வேறொரு வேலை பார்த்திருக்கிறாள். ஊர்ப் பெயர்களைத் தேடித் தரும் ஒரு தமிழ்த் திறமூல நிரலில் 'ஸ்ரீரங்கம்' என்று தேடினால் பாதிதான் வருகிறது. ஏன் என்று குடைந்திருக்கிறாள். திரையில் ஒரே மாதிரி தெரியும் ஸ்ரீ, கணினிக்குள் இரண்டு விதமாக இருக்கிறதாம். ஒன்று ஸகரத்தில் தொடங்குவது. இன்னொன்று 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும்படி பத்து வரி எழுதி அனுப்பினாள். நிரலைப் பராமரிப்பவர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். சோதனை எங்கே, பழைய தேடல் கெடாதா, விளக்கம் போதாது என்று. மூன்று வாரம் மல்லுக்கட்டி நான்காவது முறை ஏற்க வைத்தாள். நம் ஊர்ப் பெயரையே சரியாகத் தேட வைத்திருக்கிறாள்!

கல்லூரியில் இதற்கு மதிப்பெண் சுழி. "ரெக்கார்டு பாக்கி இருக்கே, அதை முதல்ல முடிம்மா" என்றார்களாம்.

1991-இல் லினக்ஸை வெளியிட்டபோது லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவர். பின்னர் அவர் முதுகலைப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடும் லினக்ஸைப் பற்றியதுதான். அந்தப் பல்கலைக்கழகம், 'இது சிலபஸில் இல்லை' என்று சொல்லவில்லை. நம்மிடமும் வசதி இல்லாமல் இல்லை. இதற்கென்றே ஒரு தேசிய வள மையத்தை 2005-இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சி-டாக்கும் சேர்ந்து தொடங்கின. பாடம் பொறியியல் கல்லூரிகளுக்கு வந்தது. வந்த பாடத்தை நாம்தான் நோட்டுக்குள் பூட்டி வைத்தோம்.

அப்புறம் உறவுக்காரர்கள். போன கல்யாணத்தில் ஒருவர் கேட்டார்: "பைசா வாங்காம யாருக்கோ எதுக்கு உழைக்கணும்? அந்த நேரத்துல ரெண்டு சர்டிபிகேட் கோர்ஸ் முடிக்கலாமே?" அவர் மகன் இறுதியாண்டு ப்ராஜெக்டைப் பணம் கொடுத்து வாங்கினான். அறிக்கை, பைண்டிங், வைவாவுக்குக் கேள்வி-பதில் எல்லாம் சேர்த்து ஒரே விலை. அது உழைப்பு, இது வீணா? சொந்தத்துக்குள் பேச வேண்டியதைப் பொதுவில் சொல்கிறேன் என்று வருத்தப்பட வேண்டாம். பெயர் சொல்லவில்லை.

என் பழைய மாணவர்கள் சிலர் இன்று துறைத்தலைவர்கள். அவர்களுக்குத்தான் முக்கியமாக எழுதுகிறேன். "வகுப்புக்கு அறுபது பேர் சார், எப்படி மதிப்பிடுவது?" என்பீர்கள். எந்த வரியை யார் எழுதினார், எந்தத் தேதியில், யார் மறுத்தார், அதற்கு இவள் என்ன பதில் சொன்னாள், எல்லாம் பொதுவில் பதிவாகிக் கிடக்கிறது. பத்து நிமிட வைவாவில் இவ்வளவு தெரிந்துவிடுமா? ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்றால் நம் பிள்ளைகள் குப்பையை அனுப்பிக் குவிப்பார்கள். 2020-இல் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வில் ஒரு டி-ஷர்ட்டுக்காக அப்படித்தான் நடந்தது. பராமரிப்பவர்கள் கொதித்துப்போய், நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அதனால் எத்தனை அனுப்பினாள் என்று எண்ணாதீர்கள். நடந்த உரையாடலைப் படித்து மதிப்பெண் போடுங்கள். ஏற்கப்படாமல் போனாலும் போடுங்கள். கணக்கில் வழிமுறைக்கு நான் உங்களுக்கு மதிப்பெண் போட்டதில்லையா?

நம் தெற்கு ராஜகோபுரம் பல நூற்றாண்டு மொட்டையாக நின்றது. உங்களில் மூத்தவர்கள் அதன் அடியில் நடந்து பள்ளிக்கு வந்தவர்கள்தான். 1987-இல் முடித்தவர்கள் பழைய அடித்தளத்தை இடித்துவிட்டுத் தொடங்கவில்லை. யாரோ விட்டுப்போன கல்லின் கணக்கைப் புரிந்துகொண்டு மேலே ஏற்றினார்கள். பிறர் பாதியில் விட்டதைப் படித்துத் தொடரும் அந்த வேலையை நான்கு வருடத்தில் ஒருமுறைகூடச் செய்யாமல் ஒரு பிள்ளை பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. வேலைக்குப் போன முதல் நாளே அவன் கையில் கொடுப்பது என்னவோ வேறு யாரோ எழுதிய பழைய நிரலைத்தான். ஐடியில் இருக்கும் நீங்களே சொல்லுங்கள்.

வரும் பருவத்தில் ஒரே ஒரு வகுப்பில் முயன்று பாருங்கள். யார் முன்வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். பேத்தியின் ரெக்கார்டில் இன்னும் இரண்டு பயிற்சி பாக்கி, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வாங்க வேண்டுமாம். மார்ஜின் கோடு நான் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.